அலுவலகத்தில் அரசியல் அறிவு



வரதய்யபாளையம் என்னும் ஊரைத் தங்களில் பலர் கேள்வியுற்றிருக்க மாட்டீர்கள். சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலை வழியாகச் சென்று, தடாவில் மேற்கே திரும்பினால் இவ்வூரை அடையலாம். அங்கே கடைத்தெருவில் ஒரு பேரம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் அது நினைவிலும் நிற்பதில்லை.

இன்று அரசாங்க உத்தியோகத்தைப் பற்றிப் பேச வந்த நான் இவ்வூரில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் சென்னையை விட்டுக் கர்நூலின் ஆட்சியில் சேர்ந்தது. 1956இல் தலைநகர் ஐதராபாத்துக்குச் சென்றது. அண்டையிலுள்ள சத்தியவேட்டுப் பக்கத்துக் கிராமங்களோ செங்கற்பட்டு மாவட்டத்திலேயே இருந்தன. பிறகு படாஸ்கர் அவர்களின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வர, இக்கிராமங்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. 1985இல் தாலுகாக்கள் போய் மண்டலங்கள் வந்தன. 2014இல் மாநிலம் பிரிந்தது. 2022இல் வரதய்யபாளையம் சித்தூரை விட்டுத் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. தம் வீட்டுத் திண்ணையை விட்டு எழாத முதியவர் ஒருவர், தம் பட்டாவுக்காக எத்தனை தலைநகரங்களின் பெயரைக் கற்க வேண்டியிருந்தது, பாருங்கள்! அருகிலேயே 2008இல் எழுந்த ஸ்ரீசிட்டி தொழில் நகரமோ சத்தியவேடு, வரதய்யபாளையம் ஆகிய இரு மண்டலங்களிலும் பரந்து கிடக்கிறது. அங்கே நிலக் கணக்குக்கு ஓர் அலுவலகம், தொழிலுக்கு மற்றொன்று, ஏற்றுமதிச் சலுகைக்கு மத்திய அரசு.

ஒரு காரியத்தை முடிவு செய்யும் அதிகாரம் எந்த நாற்காலியில் இருக்கிறது, அந்த நாற்காலியைச் சுற்றி யார் யார் நிற்கிறார்கள் என்று அறிந்துகொள்வதையே நான் அரசியல் அறிவு என்று குறிப்பிடுகிறேன். கட்சி அரசியலில் அரசு ஊழியருக்கு இடமில்லை. 1964ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் அதைத் தடுக்கின்றன. தம் உத்தியோக நலனுக்காக வெளியார் செல்வாக்கை மேலதிகாரியிடம் செலுத்துவதையும் அவ்விதிகள் தடுக்கின்றன. ஆயினும் அரசியல் நம்மைத் தேடி மேஜைக்கே வந்துவிடுகிறது. அப்போது என் செய்வது?

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். எல்லைப்புறத்து அலுவலகம் ஒன்றில் நான் எழுத்தராகச் சேர்ந்த முதல் ஆண்டு. ஏரிப் புறம்போக்கில் ஆக்கிரமிப்பு என்று ஒரு மனு வந்தது. மேலதிகாரி என்னை அழைத்து, "இது கொஞ்ச நாள் உன்னிடமே இருக்கட்டும்" என்றார். நானும் வைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் சென்றபின் மேலிடத்திலிருந்து தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள். "இப்படி ஒரு மனு வந்ததே எனக்குத் தெரியாது" என்றார் அவர். விளக்கம் கோரும் குறிப்பாணை என் பெயருக்கு வந்தது.

அன்று மாலை தலைமை எழுத்தர் என்னைத் தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்றார். தெலுங்கர், தமிழும் நன்றாகப் பேசுவார். "நாயனா, அவர் சொன்னது பொய் என்று நீ கத்தினால் உன்னை யார் நம்புவார்கள்? நீ வெளியூர்க்காரன். இந்த அலுவலகத்தில் உனக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. உனக்கு இருக்கும் ஒரே உறவு குறிப்புத்தாள்தான்" என்றார். பிறகு எழுத வேண்டிய வாசகத்தையும் சொல்லித் தந்தார்: "இன்று காலை தாங்கள் நேரில் பணித்தவாறு, மறு ஆணை வரும்வரை இம்மனு நிறுத்தி வைக்கப்படுகிறது. ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது." அதே நாளில் எழுதவேண்டும், பணிவாக எழுதவேண்டும், குற்றம் சாட்டும் தொனி ஓர் எழுத்திலும் இருக்கக்கூடாது.

அந்த மேலதிகாரி கெட்டவர் அல்லர். ஊராட்சித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆக்கிரமித்தவரின் உறவினர் ஊரில் பெரிய மனிதர். அவர் நாள்தோறும் வந்து இவர் எதிரே உட்கார்ந்தார். இவருக்கு ஓய்வு பெற இரண்டே ஆண்டுகள் இருந்தன. இந்த நெருக்கடியைப் புரிந்துகொள்ளாமல் அவரை வெறுத்ததும் என் அறியாமையே. அடுத்த முறை இதுபோன்ற வாய்மொழி உத்தரவு வந்தபோது நான் குறிப்பு எழுதி அனுப்பினேன். அதைப் படித்தார், சிறிது நேரம் என்னையே பார்த்தார், "சரி, விதிப்படி அனுப்பு" என்று கையெழுத்திட்டார். வந்து உட்காருபவரிடம் காட்டுவதற்கு அவருக்கும் ஒரு தாள் கிடைத்துவிட்டது.

சிறிய எழுத்தர்களுக்கு மட்டும் நேர்வது என்று எண்ண வேண்டாம். 1956 செப்டம்பரில் பிறந்த ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஓராண்டு நிறையுமுன்னரே, 1957 ஜூனில் ஹரிதாஸ் முந்த்ரா என்னும் கல்கத்தா வணிகரின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. கழகத்தின் முதலீட்டுக் குழுவை முன்னதாகக் கலந்துகொள்ளவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் பெரோஸ் காந்தி பாராளுமன்றத்தில் இதைக் கிளப்பினார். 1958இல் பம்பாய்த் தலைமை நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். நிதிச் செயலாளர் எச். எம். படேல், அமைச்சரின் சம்மதம் இருந்தது என்றார். அமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி, தாம் சம்மதிக்கவில்லை என்றார். இதை முடிவு செய்யத்தக்க எழுத்து எதுவும் கோப்பில் இல்லை. தம் கீழுள்ளோர் செயலுக்கு அமைச்சரே பொறுப்பேற்க வேண்டும் என்று சாக்ளா கூறினார்; அமைச்சர் பிப்ரவரியில் பதவி விலகினார். பின்னாளில் அவர் மீண்டும் நிதியமைச்சரானார். 1977இல் படேலும் நிதியமைச்சரானார். அது வேறு கதை.

அந்த அறிக்கையில் என்னைக் கவர்ந்த பகுதி மற்றொன்று. அரசுப் பணியிலிருந்து கழகத்துக்கு வரும் அதிகாரிகளின் விசுவாசம் கழகத்துக்கே உரியது. மேலிடத்து அதிகாரிகளின் சொல்லுக்காகத் தம் சுயமதிப்பீட்டை அவர்கள் விட்டுக்கொடுக்கலாகாது என்று சாக்ளா எழுதினார். பொதுத்துறை நிறுவனங்களில் பணிபுரியும் நேயர்கள் அப்பகுதியை ஒருமுறை தேடிப் படிக்கலாம். வாய்மொழி உத்தரவைக் கூடிய விரைவில் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்பது நடத்தை விதிகளிலேயே உண்டு. 2013இல் டி. எஸ். ஆர். சுப்பிரமணியன் முதலானோர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமும், வாய்மொழி உத்தரவைப் பதிவு செய்யாமல் செயல்படக்கூடாது என்று அறிவுறுத்தியது. கேட்டு வாங்குவது ஊழியரின் கடமையேயன்றி அவமரியாதை ஆகாது.

சட்டமன்ற உறுப்பினரின் பரிந்துரைக் கடிதம் வந்தால் நடுங்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். மக்கள் பிரதிநிதி தம் தொகுதியாருக்காகக் கேட்பது அவர் வேலை. கடிதத்தைப் பதிவேட்டில் சேர்த்து, பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, விதி இடம் தருவதைச் செய்து, தராததற்குக் காரணத்தை மரியாதையாக எழுதுவது நம் வேலை. அவர் நேரில் வந்தால் எழுந்து நின்று வரவேற்பதில் குறைவொன்றுமில்லை.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இன்னும் ஒன்று. நாம் தமிழர் என்பதால்தான் ஒதுக்குகிறார்கள் என்று எடுத்த எடுப்பிலேயே எண்ணிவிடுகிறோம். சில சமயம் அது உண்மை. பல சமயம் விதியை நாம் படிக்கவில்லை. ஆந்திரத்தில் 1975ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, ஒருவர் உள்ளூர் விண்ணப்பதாரரா என்பதை அவர் எங்கே படித்தார், எங்கே வசித்தார் என்று பார்த்தே தீர்மானித்தது. தாய்மொழியை அது கேட்கவில்லை. குறை தீர்க்க வேண்டி எவரும் மாநிலத்தில் வழங்கும் மொழியில் மனுச் செய்யலாம் என்று அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு கூறுகிறது. இவ்விரண்டையும் அறியாமலே மனக்கசப்போடு ஓய்வு பெற்றவர்கள் எனக்குத் தெரிந்து மூவர்.

எனக்கு வந்த குறிப்பாணை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். எச்சரிக்கையோடு விட்டார்கள். அந்த எச்சரிக்கைக்கு நான் அளித்த பதிலைத் தலைமை எழுத்தர்தான் தெலுங்கில் திருத்திக் கொடுத்தார். என் எழுத்தில் 11 பிழைகள் இருந்தன. ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் சுழித்து, "முதலில் இவர்கள் மொழியில் பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொள், தம்பி, அப்புறம் இவர்கள் விதியை இவர்களுக்கே எடுத்துக் காட்டலாம்" என்றார்.