ஆலங்காட்டுப் பேய்கள்

நசரத்பேட்டைக்காரர்களுக்குக் குன்றத்தூர் பக்கத்து ஊர். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்தது அங்கேதான். வடமேற்கே, திருவள்ளூர் தாண்டிப் போனால் திருவாலங்காடு, அதையொட்டிப் பழையனூர். தமிழில் பேர்போன இரண்டு பெண் பேய்களும் அந்த வட்டாரத்தோடு சேர்ந்தவர்கள்.

முதலில் நீலி. கணவன் கொன்றதால் பேயானவள். மறுபிறவியில் அவன் வணிகனாக அந்த வழியே வருகிறான். கள்ளிக்கட்டையைக் கைக்குழந்தையாக்கி இடுப்பில் தூக்கிக்கொண்டு, 'இவர் என் புருஷன், விட்டுவிட்டு ஓடப் பார்க்கிறார்' என்று ஊர்ச்சபையில் அழுகிறாள். வணிகன் கையில் பேயை அண்டவிடாத கத்தி. 'அதை வைத்துவிட்டு இவளோடு தங்கு. உன் உயிருக்கு நாங்கள் பிணை' என்கிறார்கள் வேளாளர் 70 பேர். விடிந்தால் பிணம். சொன்ன சொல்லுக்காக 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் தம் ஆலங்காட்டுப் பதிகத்தில் இதைத் தொட்டிருக்கிறார். வேளாளர் வாய்மை புராணமானது. நீலிக்கு மிச்சம் 'நீலிக்கண்ணீர்' என்ற ஏச்சு. ஆனால், அந்த அழுகையில் பாதி நிஜமில்லையா? அவன் ஒரு பிறவியில் அவள் புருஷன்தானே! கிரேக்கத்து மெடூசா கதையும் ஏறக்குறைய இதுதான். ரோமக் கவி ஓவிட் சொல்வதில், கெடுத்தவன் கடல் தெய்வம். தலைமுடி பாம்பானது அவளுக்கு.

இன்னொருவர் காரைக்கால் அம்மையார். அவர் மாம்பழம் வரவழைத்த அற்புதத்தைக் கண்டு மிரண்ட கணவன் பரமதத்தன், பாண்டிநாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று இவர் பெயரையே வைத்தான். தேடிவந்த மனைவியின் காலில் குடும்பத்தோடு விழுந்தான். அவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கென்று, தசையை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கினார் அம்மையார். ஆலங்காட்டுக்குத் தலையாலேயே நடந்துபோனார் என்கிறார் சேக்கிழார். அம்மையார் பாட்டின் முத்திரையும் 'காரைக்கால் பேய்'தான். கங்கைகொண்ட சோழபுரத்து நடராசர் சிற்பத்தில், வற்றிய மார்பும் எலும்புமாகத் தாளம் போட்டுக்கொண்டிருப்பவர் இவர்தான்.

நீலி கதை அந்த 'நீலிக்கண்ணீர்' ஏச்சோடு முடியவில்லை. பெயர் தெரியாத சமணப் புலவர் ஒருவர் 'நீலகேசி'யில் அவளை அறிஞராக்கிவிட்டார். முனிவரை மிரட்டப் போனவள், அவரிடம் அறம் கேட்டு, ஊர் ஊராக வாதத்துக்குக் கிளம்புகிறாள். முதலில் எதிர்ப்படுபவள் பௌத்தக் குண்டலகேசி. மலையிலிருந்து தள்ளிக் கொல்லப் பார்த்த கணவனை முந்திக்கொண்டு தள்ளியவள்! இப்படிப்பட்ட இருவரும் எதிரெதிரே நின்று வாதிட்டது என்னவோ ஆன்மா உண்டா, இல்லையா என்று. ஜெயித்தது நீலி.