பால் மரமும் பலகையும்



இன்று தச்சு வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "வாத்தியாருக்கு உளியும் வாளும் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தொடக்கத்திலிருந்தே சொல்லுகிறேன்.

நான் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். என் தாயும் தகப்பனும் பால் மரம் வெட்டியவர்கள். எங்கள் வீட்டு அடுப்பில் எரிந்ததும் அதே ரப்பர் விறகுதான். இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் கொடுத்த மரத்தை மறுநடவுக்காகச் சாய்ப்பார்கள். கொஞ்சம் விறகாகும், கொஞ்சம் கரியாகும். மிச்சத்தை அங்கேயே குவித்து எரிப்பார்கள். "பாலுக்கு ஆகும், பலகைக்கு ஆகாது" என்பதே அன்றைய பேச்சு.

இந்த மரம் நம் மாநிலத்திற்கு வந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகப் போகிறது. 1876-இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளை இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்தார்கள். மறு ஆண்டு, 1877-இல், சிங்கப்பூர் வந்து சேர்ந்த கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

சரி, பலகைக்கு ஆகாது என்று ஏன் சொன்னார்கள்? அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் தோட்டம் செம்பனைக்கு மாறியபோது பல குடும்பங்கள் வெளியேறி, பட்டணத்து ஓரத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோயின. ஆனாலும் சனிக்கிழமைகளில் கோயிலுக்கு வருவார்கள். கோயில் மண்டபத்தின் பின்னால் ஒரு கொட்டகை உண்டு. ஒரு நாள் அங்கிருந்த காலுடைந்த பெஞ்சியைச் சரி செய்ய ஐந்தாறு பேர் கூடினோம். பள்ளியில் வாழ்வியல் திறன் பாடம் நடத்தியவன் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டார்கள். வேலை பிடித்துப்போயிற்று. வாரந்தோறும் கூடத் தொடங்கினோம்.

முதலில் செய்தது ஒரு முக்காலி. அப்போதுதான் வெட்டிய ரப்பர் மரம், பச்சைக் கட்டை. சில நாளில் பலகையில் நீலமும் கறுப்பும் படர்ந்தன. அது பூஞ்சைக் கறை. சில மாதத்தில் முக்காலிக்குக் கீழே மாவு உதிர்ந்தது. அது வண்டு துளைத்த தூள். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. அதைத் தின்னத்தான் வண்டு வருகிறது.

இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சி நிலையமும் இந்த மரத்தை ஆராய்ந்திருக்கிறது. மரத்தை அறுத்ததும் தாமதிக்காமல், ஓரிரு நாளுக்குள், போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தின் மூலம் உள்ளே செலுத்துகிறார்கள். பிறகு சூளையில் வைத்து ஈரத்தைப் போக்குகிறார்கள். அதன்பின் அது வெளிர் நிறமும் நல்ல உறுதியும் உள்ள பலகை. வெளிநாடுகளுக்குப் போகும் மலேசிய மேசை நாற்காலிகளில் பெரும்பகுதி இந்த மரத்தால் ஆனவையே. நாம் அடுப்பில் வைத்தது அது!

ஆகவே இப்போது நாங்கள் மேசை நாற்காலி செய்யும் பட்டறைகளில் மிஞ்சும் துண்டுக் கட்டைகளையே வாங்குகிறோம். இரண்டு எச்சரிக்கை மட்டும் சொல்லுகிறேன். போரான் நீரில் கரையும். ஆகவே இந்த மரத்தில் செய்ததை மழையில் போடாதீர்கள். மருந்திட்ட துண்டுகளைச் சமையல் அடுப்பில் எரிக்கவும் வேண்டாம்.

எங்கள் கூட்டத்தில் சட்டங்கள் குறைவு. ஒருவர் தவறினால் மற்றவர் சிரிக்கக் கூடாது. இந்த வாரம் கற்றவர், அடுத்த வாரம் புதியவருக்குக் காட்ட வேண்டும். கருவிகள் பொது, துடைத்து, எண்ணி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். தொடங்குவதற்கு அதிகம் வேண்டாம். ஒரு கைவாள், இரண்டு உளி, ஓர் இழைப்புளி, மூலைமட்டம், கொட்டாப்புளி, தீட்டுக்கல் போதும். இருமுறை அளந்து ஒருமுறை அறுங்கள். கோட்டின் மேல் அறுக்காமல், கழிக்கும் பக்கத்தில் அறுங்கள். ஒரு கட்டையில் துளை, மறு கட்டையில் அதற்குப் பொருந்தும் நாக்கு. இந்த ஒரு பொருத்தைப் பழகிவிட்டால் பெஞ்சியும் வரும், மேசையும் வரும்.

இங்கே ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பழைய மாணவன். மூன்றாம் படிவத்தோடு இடைநிலைப் பள்ளியை விட்டவன். பகலில் தூக்கம், இரவில் தெருமுனை. "இவன் எந்த வம்பில் மாட்டுவானோ" என்று தாய் அழுதாள். அவனைக் கொட்டகைக்கு அழைத்தேன். வந்தான், ஆனால் உளி அவன் சொன்னபடி கேட்கவில்லை. "உளி சரியில்லை, சார்" என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் நினைத்தேன். ஆனால் குற்றம் உண்மையில் உளியில்தான் இருந்தது. எங்களில் யாருக்கும் சரியாகத் தீட்டத் தெரியவில்லை.

சாமி கும்பிட வந்த அவன் பாட்டி எட்டிப் பார்த்தாள். நாற்பது ஆண்டு பால் வெட்டியவள். உளியை வாங்கினாள், கல்லில் தண்ணீர் தெளித்தாள், பத்து நிமிடம் தீட்டினாள். நகத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேரன் கையில் கொடுத்தாள். "அமுக்காத தம்பி. பட்டைய மெலிசா சீவணும், மரத்துக்குக் காயம் படக்கூடாது. அப்படி நினைச்சு வெட்டு" என்றாள். சுருள் சுருளாக மரம் சீவி வந்தது.

பால் வெட்டுவது வெறும் கூலி வேலை, அதில் கற்க ஒன்றுமில்லை என்று நாமே நம் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நூல் ஆழம் தப்பாமல் இருட்டில் வெட்டிய கை அது. அந்தக் கைக்குள் ஒரு கல்லூரியே இருந்தது. நாம்தான் அதில் சேரவில்லை.

அந்தப் பையன் பணக்காரனாகிவிடவில்லை. இப்போது ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் மலேசியத் திறன் சான்றிதழுக்குப் படிக்கிறான். சனிக்கிழமைகளில் வந்து சின்னப் பிள்ளைகளுக்கு வாள் பிடிக்கக் காட்டுகிறான். அவன் தாய் அழுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அது போதும்.

பெற்றோர்களே, உங்கள் பகுதியிலும் கோயில் கொட்டகை இருக்கும், மன்றம் இருக்கும், ஓய்ந்திருக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு வாளும் ஓர் உளியும் வாங்குங்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லட்டும்.

அவன் முதலில் செய்த முக்காலியைப் பாட்டிக்குத்தான் கொடுத்தான். ஒரு கால் கொஞ்சம் கட்டை. அடியில் அட்டை வைத்திருக்கிறார்கள். அதில் உட்கார்ந்துகொண்டு அவள் என்னிடம் சொன்னாள்: "வாத்தியாரே, நாப்பது வருசம் இந்த மரத்தைச் சுத்திச் சுத்தி நின்னேன். இப்பத்தான் இது மேல உக்காந்திருக்கேன்."