வெடிமருந்து அறைக்குள்ளே

(ரெட்டியார்சத்திரம் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியது)



2020 ஜனவரியில் பயிற்சிக்கு மும்பை போனப்ப, ஆளுநர் மாளிகைக்கு அடியில இருக்கிற பாதாள அறைகளைப் பார்த்தேன். வெள்ளைக்காரன் பீரங்கிக் குண்டும் மருந்தும் அடுக்கி வைத்த இடம். 13 அறைகள். பல வருஷம் மூடிக் கிடந்ததை 2016-ல் கண்டுபிடித்து, 2019-ல் அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார்கள். ஒரு கருவியைக் கண்ணில் மாட்டினால் பழைய காலத்துக்குள்ளேயே நிற்கிற மாதிரி படம் தெரிந்தது. நான் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, கூட வந்த அக்கா சிரிச்சாங்க. 2022-ல் அங்கேயே விடுதலைப் போராளிகளுக்கும் காட்சிக்கூடம் வைத்தார்கள். 1907-ல் ஜெர்மனியில் நம் நாட்டுக்காகக் கொடி ஏற்றிய மேடம் காமாவும் அதில் இருக்கார்.

மருந்து அறைன்னதும் எனக்குக் குயிலி ஞாபகம்தான். 1780-ல் சிவகங்கையை மீட்டபோது உடம்பில் தீ வைத்துக்கொண்டு வெள்ளையர் ஆயுதக் கிடங்கில் பாய்ந்தவர் என்று சொல்வார்கள். அவரை அனுப்பிய வேலுநாச்சியார் அடைக்கலமாக இருந்தது எங்கே? நம்ம பழனி ரோட்டில் இருக்கிற விருப்பாச்சியில்! பஸ்ஸில் எத்தனை தடவை தாண்டியிருப்போம். என் மகளுக்கே நான் அதைச் சொன்னதில்லை.

திண்டுக்கல் மலைக்கோட்டையிலும் ஆயுதக் கிடங்கு இருக்கு. அடுத்த மாதம் போவோம். பொம்பளைப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க. வெயிலுக்கு முன்னாடி ஏறணும், தண்ணி பாட்டில் மறக்காதீங்க.