எண்கும் வழிகாட்டியும்



கரடிக்குத் தமிழில் பெயர்கள் பல. எண்கு, உளியம் என்பன சங்கச் சான்றோர் ஆண்ட சொற்கள். குடாவடி என்பது நிகண்டு காட்டும் பெயர்; வளைந்த அடியை உடையது என்பது பொருள். கரடியின் நடையைப் பலகாலம் பார்த்தவன் இட்ட பெயர் அது. 1791-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஷா என்னும் ஆங்கிலேய அறிஞர் இதே விலங்குக்கு அறிவியற் பெயர் சூட்டினார். நீண்ட நகங்களைக் கண்டு, தென்னமெரிக்க மரங்களில் தொங்கி வாழும் சோம்பல் விலங்கின் இனம் இது என்று அவர் கருதிவிட்டார். இனப்பெயர் பின்னர்த் திருத்தப்பட்டது. ஆயினும் 'சோம்பல் கரடி' என்ற வழக்கு ஆங்கிலத்தில் இன்றும் நிலைத்திருக்கிறது. காட்டை அறிந்தவன் இட்ட பெயருக்கும் காட்டைக் காணாதவன் இட்ட பெயருக்கும் உள்ள இடைவெளியே இவ்வுரையின் பொருள்.

சங்கப் பாடல்களில் எண்கு பெரும்பாலும் இரவு வழியில் வருகிறது. தலைவன் வரும் மலைப்பாதையில் புற்றைப் பெயர்த்துக் குரும்பியைத் தின்கிறது. அப்போது புற்றினுள் உறையும் பாம்பும் நடுங்குகிறது. இன்றைய விலங்கியலார் கூறுவதும் இதுவே. மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டு இல்லாத வாய், குவியும் உதடு, மூடிக்கொள்ளும் மூக்குத்துளை ஆகியவற்றைக் கொண்டு கரையானை இது உறிஞ்சி உண்கிறது. அவ்வோசை நெடுந்தொலைவு கேட்கும். அகநானூற்றுப் பாடல் ஒன்றில், எண்கின் கூட்டம் தின்று எஞ்சிய இலுப்பைப் பூவைக் காட்டுக் குடிப்பெண்கள் மூங்கிற் குழாயில் தொகுத்துச் சிறுகுடித் தெருக்களுக்கு எடுத்துச் செல்கின்றனர். ஒரே மரத்தில் விலங்கும் மனிதரும் பங்காளிகளாக வாழ்ந்த நிலை அது. அச்சம் உண்டு, பகை இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. ஆங்கிலேய அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளில் துப்பாக்கியோடு ஏறினர். 1877-இல் நீலகிரியில் வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879-இல் வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்தப் பருவத்தில் சுடலாம், எவர் சுடலாம் என்பதை அது வரையறுத்தது. காட்டைக் காப்பதற்கு முன்னர் வேட்டையைக் காக்கும் சட்டம் பிறந்தது என்று இதனைச் சொல்லலாம்.

இவ்வேட்டைகளில் துரையின் முன்னே நடந்தவன் ஒருவன் உண்டு. இருளனாகவோ குறும்பனாகவோ வேறொரு மலைக்குடியினனாகவோ அவன் இருந்தான். இரவெல்லாம் மேய்ந்த கரடி விடியுமுன் எந்தப் பாறைக் குகைக்குத் திரும்பும் என்பது அவனுக்குத் தெரியும். எச்சத்தில் கிடக்கும் பழவிதையைக் கண்டே அது எம்மரத்தடியில் இருந்து வந்தது என்று சொல்லுவான். காற்று வரும் திசைக்கு எதிரே துரையை உட்கார வைத்ததும் அவனே. துரையோ விசையை அழுத்தினார். பின்னர் நூலும் எழுதினார். டக்ளஸ் ஹாமில்டனின் தென்னிந்திய வேட்டைக் குறிப்புகள் 1892-இல் அச்சேறின. அக்கால வேட்டை இலக்கியத்தில் கொம்பின் நீளத்துக்கு அங்குல அளவு உண்டு. தோலுக்கு அடியளவு உண்டு. வழிகாட்டியவனுக்குப் பெரும்பாலும் 'ஷிகாரி' என்ற பொதுப்பெயர் மட்டுமே உண்டு.

பெங்களூரைச் சேர்ந்த கென்னத் ஆண்டர்சன் இதற்கு விலக்காக நிற்பவர். சேலம் மாவட்டக் காடுகளில் தமக்குத் துணை நின்ற பைரா பூசாரியைப் பெயர் சொல்லி எழுதினார். காட்டைத் தமக்குக் கற்பித்தவன் என மதித்தார். 1957-இல் வெளிவந்த நூலில், மனிதரைத் தாக்கிவந்த மைசூர்க் கரடி ஒன்றைச் சுட்டுக் கொன்றதை அவர் விவரித்தார். அவரே வேறோரிடத்தில் புரூனோ என்னும் குட்டியைப் பற்றியும் எழுதினார். உடன் வந்த ஒருவர் காரணமின்றித் தாய்க்கரடியைச் சுட்டுவிட, அதன் முதுகில் ஒட்டியிருந்த குட்டி வீட்டுக்கு வந்தது. வளர்ந்தபின் மைசூர் விலங்குக் காட்சிசாலைக்கு அனுப்பப்பட்டது. வளர்த்தவளைப் பிரிந்து உணவை வெறுத்தது. வேட்டைக்காரரின் எழுத்தே வேட்டைக்கு எதிரான சாட்சியாக நிற்பதை இங்குக் காண்கிறோம்.

விடுதலைக்குப் பின்னரும் ஷிகார் கம்பெனிகள் அயல்நாட்டுச் செல்வரை அழைத்து வந்து கட்டணத்துக்கு வேட்டையாட வைத்தன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. கனடா, அமெரிக்க மலைகளில் கருங்கரடி வேட்டை இன்றும் வழிகாட்டிகளைக் கொண்ட தொழிலாக நடைபெறுகிறது. இந்தியாவிலோ கரடி முதலாம் அட்டவணையில் காக்கப்படும் உயிர்.

சட்டம் விலங்கைக் காத்தது. வழிகாட்டியின் பிழைப்பு என்னவாயிற்று என்று கேட்பவர் அன்று சிலரே. இக்கேள்விக்கு ஒரு விடை தாம்பரத்துக்கு அருகிலேயே உள்ளது. செங்கல்பட்டு வட்டாரத்து இருளர் பாம்புத் தோல் வணிகத்தை நம்பி வாழ்ந்தவர்கள். சட்டம் வந்ததும் அவர்தம் கையறிவு குற்றமாயிற்று. 1978-இல் வடநெம்மேலியில் அவர்களின் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, பாம்பை மீண்டும் காட்டிலேயே விடுவது அதன் முறை. தோலுக்காகத் தடம் தேடிய அதே அறிவு நஞ்சுமுறிவு மருந்துக்கு வழி செய்தது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தடம் காட்டும் குடியில் பிறந்தோரின் பெயர்கள் நாட்டின் ஏட்டில் ஏறின.

இதனால் சிக்கல் யாவும் தீர்ந்தன என்று கொள்வதற்கில்லை. 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே கரடி ஒன்று மூவரைத் தாக்கியது. மயக்க ஊசி செலுத்திப் பிடித்துக் காட்டில் விடப்பட்ட அக்கரடியும் பிழைக்கவில்லை. காடு சுருங்கிய இடத்தில் இருதரப்புக்கும் இழப்பு நேர்கிறது. புற்று எங்கே, பழமரம் எங்கே, எந்நேரத்தில் எவ்வழியை விட்டு ஒதுங்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவனின் தேவை முன்னிலும் மிகுந்திருக்கிறது.

தாம்பரத்து மக்கள் 1985 முதல் வண்டலூரில் கரடியைக் கம்பிக்கும் அகழிக்கும் அப்பால் நின்று காண்கின்றனர். குழந்தைக்கு அதன் பெயர் தெரியும். புற்று தெரியாது, இலுப்பைப் பூ தெரியாது. 'கரடி விடுவது' என்றால் பொய் சொல்வது என்ற அளவில் நகரத் தமிழில் அவ்விலங்கு சுருங்கிவிட்டது. எண்கு என்ற சொல் அகராதியில் மட்டும் வாழ்வது விலங்கியலின் இழப்பன்று, கவிதையின் இழப்பு.

கம்பனை எண்ணிப் பாருங்கள். கடல் கடக்கத் தயங்கிய அனுமனுக்கு அவன் ஆற்றலை எடுத்துச் சொன்னவன் கரடிக் குலத்து அரசனாகிய சாம்பவன். போர்க்களத்தில் வீழ்ந்தோரை எழுப்ப மருந்து மலைக்கு வழி சொன்னவனும் அவனே. மனிதன் கரடியின் இருப்பிடத்தைக் காட்டிக் கொடுத்த கதைகள் வேட்டை நூல்களில் நிறைந்துள்ளன. தமிழ்க் காப்பியத்திலோ உயிர் காக்கும் மருந்துக்குக் கரடியே வழிகாட்டி. இவ்விரண்டில் எதனை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது என்பதைக் கவிஞர்கள் முடிவு செய்யட்டும்.