ஓடிவந்த பிள்ளையை ஒளித்து வைக்காதீர்!

(இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



 

கல்வராயன் மலையிலிருந்து பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் இறங்கி வருகிறான். வீட்டில் அடி; அல்லது தகப்பனைச் சாராயம் கொண்டுபோன வீடு. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதை மறந்துவிட்டோமா?

"பாய், ஒரு வேலை கொடுங்க" என்று கள்ளக்குறிச்சியில் உங்கள் கடைப்படி ஏறுகிறான். சோறு போடுகிறீர்கள். மறுநாள் கிளாஸ் கழுவச் சொல்கிறீர்கள். சோறு போட்டது தர்மம். வேலை வாங்கியது குற்றம். பதினான்கு வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைத்தால் ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை, இருபதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 2016இல் திருத்தப்பட்ட சட்டம்.

என்ன செய்ய வேண்டும்? 1098க்குப் போன் செய்யுங்கள். கட்டணமில்லை, இரவும் பகலும் உண்டு. ஆதரவற்றுத் திரியும் பிள்ளையைக் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தரவேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். பிள்ளை குழந்தைகள் நலக்குழுவின் முன் நிறுத்தப்படுவான். குழு விசாரித்து வீட்டுக்கோ அரசு நிதியில் இயங்கும் இல்லத்துக்கோ அனுப்பும்.

"நமக்கேன் வம்பு?" என்கிறீர்களா? சொல்லாமல் வைத்திருப்பதுதான் வம்பு! மலைவாழ் வீட்டுப் பிள்ளை பாய் கடையில் மறைந்திருந்தான் என்ற ஒரு வதந்தி போதும், ஊரே இரண்டாகப் பிளக்க. நீங்கள் செய்யும் ஒரு போன் பிள்ளைக்கும் காவல், உங்களுக்கும் காவல்.

ஜைது இப்னு ஹாரிஸா (ரலி) சிறுவயதில் கடத்தப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டவர். தேடிவந்த தந்தையிடம் நபி (ஸல்) அவர்கள் பிள்ளையை மறைக்கவில்லை, ஈட்டுத்தொகையும் கேட்கவில்லை. யாருடன் இருக்க விருப்பம் என்று ஜைதிடமே கேட்டார்கள். பெற்றோருக்குத் தெரிவி, பிள்ளையின் சொல்லையும் கேள் என்பதே நமக்குப் பாடம். நலக்குழுவும் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்கக் கடமைப்பட்டது.

வேலை கொடுத்தே தீரவேண்டும் என்போருக்கும் வழியுண்டு. இல்லத்திலிருந்து பதினெட்டு வயதில் வெளியேறும் இளைஞருக்கு 21 வயது வரை அரசு உதவி பெறச் சட்டத்தில் இடமிருக்கிறது. அவரைக் கூப்பிட்டுத் தொழில் கற்றுக் கொடுங்கள். முறையான சம்பளம் கொடுங்கள்.

இளைஞர்களே! சின்னசேலம் ரயிலடியிலும் பேருந்து நிலையங்களிலும் தனித்து நிற்கும் பிள்ளைகளைக் கவனியுங்கள். கடைதோறும் 1098 என்று எழுதி மாட்டுங்கள். போன் செய்ததோடு நின்றுவிடாமல், பிள்ளை எங்கே சேர்க்கப்பட்டான் என்று விசாரியுங்கள். அரசின் பணம் மக்களின் பணம். கேட்பது நம் உரிமை.

வல்ல அல்லாஹ் நம் கடைகளில் பரக்கத்தையும், நம் நெஞ்சங்களில் இரக்கத்தையும் தருவானாக! ஆமீன்.