மகாநாட்டுக்கு முன்னால் விசா
(தொழிற்சங்கப் பிரதிநிதிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

சர்வதேச மகாநாட்டுக்குப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தவுடன் நம் வேலை முடிந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். அவர் அங்கே பேசி முடிக்கும்வரை அது சங்கத்தின் வேலை.

1950 நவம்பரில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் உலக சமாதான மகாநாடு கூடவிருந்தது. அட்லியின் தொழிற்கட்சி சர்க்கார் மகாநாட்டைத் தடை செய்யவில்லை. பிரதிநிதிகளுக்கு விசாவை மறுத்தது! விஞ்ஞானி ஜோலியோ கியூரியையே உள்ளே விடவில்லை. மகாநாடு வார்ஸாவுக்கு மாறியது. அதே ஆண்டு அமெரிக்க சர்க்கார் கறுப்பினப் பாடகர் பால் ராப்சனின் பாஸ்போர்ட்டைப் பறித்தது. 1957இல் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களுக்கு அவர் டெலிபோன் வழியாகத்தான் பாட முடிந்தது. 1958இல்தான் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது.

இன்று ஐரோப்பாவின் 29 நாடுகளுக்கு ஷெங்கன் என்ற ஒரே விசா. பாங்குக் கணக்கு எங்கே, சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்கிறார்கள். முதலாளியிடம் இவை கட்டுக்கட்டாக உண்டு. நாள்கூலிக்கு நாற்று நடும் தோழரிடம் ஏது? "ஊர் திரும்புவாரா என்பது சந்தேகம்" என்று மறுத்துவிடலாம். ஆகவே அவர் காகிதங்களைச் சங்கமே திரட்ட வேண்டும்.

பாஸ்போர்ட் வாங்கிப் பத்தாண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது; அந்நாடுகளை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும்; இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே மனுச் செய்யலாம். முடிவுக்கு 15 நாள். சில சமயம் 45 நாள்கூட ஆகும். கடைசி வாரம்வரை காத்திராதீர்கள்.

அழைப்புக் கடிதத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துப் பிசகாமல் இருக்கட்டும். செலவை ஏற்பவர் யார் என்பதும் அதில் வேண்டும். செலவு சங்கத்துடையது என்றால் சங்கத்தின் கடிதத்தையும் பாங்குக் கணக்கையும் இணையுங்கள். மில் தோழர் நிர்வாகத்திடம் லீவு கடிதத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கட்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். பொய்க் காகிதம் ஒன்றுகூட வேண்டாம். அது அடுத்து வரும் தோழருக்கும் வழியை அடைத்துவிடும்.

விசாக் கட்டணம் 90 யூரோ. விசாவை மறுத்தாலும் அது திரும்பாது. ஒரு விவசாயத் தொழிலாளிக்கு அது பல நாள் கூலி. அந்தச் சுமையை அவர் தலையில் வைக்கலாமா? சங்கமே வசூலித்துக் கொடுக்கட்டும்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீட்டுக்கும் உரிமை உண்டு. அதற்குள் மகாநாடு முடிந்துவிடலாம். ஆகவே மாற்றுப் பிரதிநிதியையும் இன்றே தேர்ந்தெடுங்கள். அவருடைய காகிதங்களும் தயாராகட்டும்.

கூலியைப் பற்றி உலகம் பேசும் சபையில் கூலிக்காரன் இடம் காலியாக இருக்கக் கூடாது, தோழர்களே!