சுருக்கிய வட்டும் ஒழுங்குபடுத்தும் கருவியும்

வீட்டுக் கணினி மெதுவாக ஓடினால், வட்டை ஒழுங்குபடுத்தும் கருவியை ஓட்டிப் பார்க்கும்படி யாராவது சொல்வதுண்டு. நல்ல யோசனைதான். ஆனால் அந்த வட்டு சுருக்கப்பட்ட வட்டாக இருந்தால், முன்னதாகச் செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு. அவற்றை இன்று பார்ப்போம்.

ஒரு கோப்பை எழுதும்போது வட்டில் ஒரே இடத்தில் போதிய இடம் கிடைக்காவிட்டால், கணினி அதைத் துண்டுதுண்டாக்கி, கிடைத்த இடங்களில் வைக்கிறது. பிறகு அதைப் படிக்கும்போது, வட்டின் படிக்கும் முனை அங்குமிங்கும் ஓட வேண்டியிருக்கிறது. தாமதம் இதனால்தான். சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்ப்பதே ஒழுங்குபடுத்தும் கருவியின் வேலை.

சுருக்குதல் வேறு. பெட்டியில் துணிகளை அமுக்கி மடித்து வைப்பது போன்றது அது. 1993-இல் வந்த எம்.எஸ். டாஸ் 6.0-இல் டபுள்ஸ்பேஸ் என்ற சுருக்கும் வசதி இருந்தது. 1994-இல் வந்த 6.22-இல் அதன் இடத்தை டிரைவ்ஸ்பேஸ் பிடித்தது. இவை வட்டிலுள்ள எல்லாவற்றையும் மறைந்திருக்கும் ஒரே பெரிய கோப்புக்குள் அடைத்து வைத்தன. அந்த ஒரு கோப்பு கெட்டால், உள்ளே இருந்த அனைத்தும் போயிற்று.

அந்தக் காலத்தில் எங்களுக்கே இப்படி நேர்ந்தது. மரண சகாய நிதிக் கணக்குகள் அப்படிப்பட்ட வட்டில் இருந்தன. ஒழுங்குபடுத்தும் வேலை நெடுநேரம் நீண்டது. கணினி நின்றுவிட்டது என்று எண்ணி, பொறுமையிழந்து விசையை அணைத்தோம். மறுபடி திறந்தபோது கணக்குகள் இல்லை. நகலும் எடுத்து வைக்கவில்லை. பழைய ரசீதுகளைத் தேடிப் பிடித்து, வீடுவீடாகக் கேட்டுத்தான் அவற்றைத் திரும்ப எழுதினோம்.

இன்றைய விண்டோஸில் என்.டி.எஃப்.எஸ். முறை ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சுருக்குகிறது. ஆகவே ஒரு கோப்பு கெட்டால் எல்லாம் போய்விடுவதில்லை. ஆயினும் சுருக்கிய கோப்புகள் எளிதில் சிதறும். அவற்றைச் சேர்க்கக் கருவிக்கு வெற்றிடம் தேவை. இடம் போதவில்லை என்று சுருக்கிய வட்டிலோ, அந்த வெற்றிடம்தான் குறைவாக இருக்கும்.

ஆகவே நேயர்களே, இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலாவது, பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், குடும்பப் படங்கள், கணக்குகள் ஆகியவற்றை வெளி வட்டிலோ பென்டிரைவிலோ நகல் எடுங்கள். எடுத்த நகலைத் திறந்தும் பாருங்கள். இரண்டாவது, விண்டோஸிலுள்ள வட்டுச் சோதனையை ஓட்டுங்கள். வட்டு கடகடவென்று ஓசையிட்டாலோ சோதனையில் பிழைகள் தெரிந்தாலோ, ஒழுங்குபடுத்த வேண்டாம். வட்டையே மாற்றுங்கள். மூன்றாவது, வேண்டாத கோப்புகளை நீக்கி, சுமார் 15 விழுக்காடு இடமாவது காலியாக்குங்கள். நான்காவது, விண்டோஸுடன் வரும் கருவியையே பயன்படுத்துங்கள். இணையத்தில் இலவசம் என்று வரும் எதையும் நம்பி ஏற்றிவிடாதீர்கள். ஐந்தாவது, மடிக்கணினியானால் மின்னேற்றியை மாட்டுங்கள். இடி மழை நேரத்தில் தொடங்காதீர்கள். இடையில் நிறுத்த விரும்பினால், திரையிலுள்ள நிறுத்தும் பொத்தானை அழுத்துங்கள். விசையை அணைக்க வேண்டாம்.

இன்னொன்று. புதிய கணினிகள் பலவற்றில் உள்ளது எஸ்.எஸ்.டி. எனும் வட்டு. அதில் சுழலும் தட்டும் இல்லை, ஓடும் முனையும் இல்லை. துண்டுகளைச் சேர்ப்பதால் அங்கே பயன் மிகக் குறைவு. வீணாக எழுதி எழுதி அது தேய்வதுதான் மிச்சம். விண்டோஸின் சொந்தக் கருவி வட்டின் வகையை அறிந்து நடக்கும். பழைய கருவிகள் அப்படி நடக்கும் என்று நம்ப முடியாது.

வேகம் சற்றுக் குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நகல் இல்லாத கோப்பு போனால் திரும்பாது. முதலில் நகல், பிறகு சோதனை, அதன் பின்னரே ஒழுங்கு. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.